நடுவர் நரியும் எறும்புப் புற்றும்

ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் அடர்ந்த காடு ஒன்று இருந்தது, குழந்தைகளே. அங்கே வாழ்ந்த விலங்குகள் அதைக் காடு என்று சொல்வதில்லை. ‘எங்கள் ஊர்’ என்றுதான் பெருமையாகச் சொல்லும்.

அந்த ஊரில் செதிலி என்று ஓர் அழுங்கு இருந்தது. அதற்கு உடம்பெல்லாம் கெட்டியான செதில். மூக்கு நீளம், நாக்கு அதைவிட நீளம். எறும்புதான் அதன் சாப்பாடு. செதிலி அதிகம் பேசாது. ஆனால் மனத்தில் பட்டதைச் சொல்ல ஒருநாளும் தயங்காது.

ஒருநாள் வெளியூர் நரி ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. அதற்கு நல்ல பசி. வேட்டையாடவோ சோம்பல். அத்திமரத்தடியில் கூடியிருந்த விலங்குகளைப் பார்த்து, “உங்கள் ஊரில் மிகவும் உயர்ந்தது எது?” என்று கேட்டது.

“இதென்ன கேள்வி? எங்கள் பாறைத் தேன்தான்!” என்றது கரடி.

“தேனா? மடுவில் துள்ளும் கெண்டை மீனைப் பார்த்துவிட்டுப் பேசு!” என்றது நீர்நாய்.

“இரண்டும் இல்லை. இந்த அத்திப்பழத்துக்கு ஈடு உண்டா?” என்று கிளையிலிருந்து கத்தியது குரங்கு.

பேச்சு வளர்ந்து சண்டையானது. நரி தொண்டையைச் செருமிக்கொண்டது.

“சண்டை எதற்கு? நான் அயலூரான். எனக்கு எல்லோரும் ஒன்றுதான். நானே தீர்ப்புச் சொல்கிறேன். ஆனால் சுவைக்காமல் சொல்லும் தீர்ப்பு தீர்ப்பே அல்ல. அவரவர் பொருளைக் கொண்டுவாருங்கள்.”

கொண்டுவந்தன. நரி தேனடையை வழித்து நக்கியது. மீனை முள்ளோடு விழுங்கியது. பழத்தைக் குவியல் குவியலாகத் தின்றது. பெரிய ஏப்பம் ஒன்று விட்டு, “ஒருமுறை சுவைத்தால் போதாது. நாளைக்கு இதைவிட நல்லதாகக் கொண்டுவாருங்கள்” என்றது.

தினமும் இதே கதைதான். பாறையில் தேனடைகள் குறைந்துகொண்டே வந்தன. நீர்நாயின் குட்டிகள் பசியில் அழுதன. “என் தேனை நீ நரியிடம் பழித்தாயாமே?” என்று கரடி குரங்கின்மேல் பாய்ந்தது. கூடிக் குலாவியவை ஒன்றன் முகத்தை ஒன்று பார்க்காமல் போயின.

செதிலிக்கு மனம் பொறுக்கவில்லை. மீனைக் கவ்விக்கொண்டு ஓடிய நீர்நாயை வழிமறித்தது.

“அக்கா, குட்டிகளுக்குக் கொடுக்காமல் இதை எங்கே கொண்டுபோகிறாய்?”

நீர்நாய் மீனைக் கீழே வைத்தது. “என்ன செய்வது செதிலி? இன்றைக்கு நிறுத்தினால் தேன் ஜெயித்துவிடுமே. என் மடுவுக்கு அது அவமானம் இல்லையா?”

செதிலி சற்று யோசித்தது. பிறகு எல்லா விலங்குகளும் கூடியிருந்த அத்திமரத்தடிக்கு வந்து, நேரே நரியிடம் போய் நின்றது.

“நரியாரே, நானும் போட்டிக்கு வருகிறேன். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டெறும்புப் புற்று.”

குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. நரி முகத்தைச் சுளித்தது. “எறும்பா? அதையெல்லாம் சேர்க்க முடியாது, போ.”

“சுவைக்காமலேயா சொல்கிறீர்கள்? அப்படிச் சொல்வது தீர்ப்பே அல்ல என்றது நீங்கள்தானே?”

“ஆமாம், அப்படித்தான் சொன்னார்” என்றது கரடி.

“புற்றை விட்டுவிட்டால் எங்களுக்குச் சொல்லும் தீர்ப்பும் செல்லாதே!” என்று பதறியது நீர்நாய்.

மறுத்தால் நாளைய தேன் போய்விடும் என்று நரி பயந்தது. “அதற்கென்ன? கொண்டுவா” என்றது.

“புற்றைத் தூக்கிவர முடியுமா? நீங்கள்தான் வரவேண்டும்.”

எல்லாம் புற்றை நோக்கி நடந்தன. “இதை எப்படிச் சாப்பிடுவது? முதலில் நீ செய்து காட்டு” என்றது நரி.

செதிலி புற்றின் வாயை நகத்தால் பெரிதாக்கியது. மூக்கை உள்ளே நுழைத்து, நாக்கை நீட்டிச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டது. எறும்புகள் அதன் செதில்மேல் ஏறி வழுக்கி விழுந்தன.

“அடடா, இன்றைக்கு என்ன ருசி!” என்று சொல்லி விலகி நின்றது. அது சொன்னதில் துளியும் பொய் இல்லை.

இவ்வளவுதானா என்று நரியும் மூக்கை நுழைத்து நாக்கை நீட்டியது.

எறும்புகள் வந்தன. நாக்கில், மூக்கில், உதட்டில், காதில் என்று கடித்துத் தொங்கின. நரி ஊளையிட்டுக்கொண்டு புரண்டது.

“தீர்ப்பைச் சொல்லுங்கள் நரியாரே!” என்றது செதிலி.

“தீ... தீ...” என்றது நரி. வீங்கிய நாக்கு அதற்குமேல் புரளவில்லை. பாய்ந்தோடி ஆற்றில் குதித்தது, அக்கரையில் ஏறியது, திரும்பிப் பார்க்காமல் ஓடியே போய்விட்டது.

குரங்கு மெதுவாகக் கீழே இறங்கி வந்தது. “செதிலியக்கா, நிஜமாகவே இதுதான் உனக்குப் பிடித்ததா?”

“நிஜமாகத்தான். இது இல்லாத ஊரில் என்னால் ஒருநாள்கூட இருக்க முடியாது.”

“அத்திப்பழம் இல்லாவிட்டால் எனக்கும் அப்படித்தான்” என்றது குரங்கு.

கரடி தலையைச் சொறிந்தது. “அப்படியானால் எதுதான் உயர்ந்தது?”

“யாருக்குச் சொல்லவேண்டும்? கேட்டவர்தான் ஓடிவிட்டாரே!” என்றது செதிலி.

கரடிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீர்நாய் மட்டும் சிரிக்க நிற்கவில்லை. நரிக்கென்று வைத்திருந்த மீனைக் கவ்விக்கொண்டு குட்டிகளிடம் ஓடியது.

நீதி: ஊரை நேசிக்க ஆளுக்கொரு காரணம் இருக்கும், அவற்றுள் எது உயர்ந்தது என்று அயலானிடம் தீர்ப்புக் கேட்பவர் இருப்பதையும் இழப்பர்.