அவித்த முட்டையில் அடை இருந்த கோழி

என்னை முதலில் பொய்யன் என்று சொன்னவர் எங்கள் கோயில் பாடகர் லூர்துராயன். உயிர்த்த ஞாயிறுக்காகப் பிள்ளைகள் முட்டைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது எப்படி வந்த பழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். "மூணாங்கிளாஸ் தாண்டாத ஆளு சொல்ற பொய்யை எல்லாம் கேக்கணுமா?" என்று எல்லார் முன்னும் கேட்டார். பதினோரு வருஷம் ஆகிறது. அந்தச் சொல்லை அவர் இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இருக்கட்டும். நீங்கள் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் கோழி, வாத்து, மனிதர் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். வாத்து தன் முட்டையில் தானே அடை இருந்தது.

கடலோரத்து ஊர் ஒன்றில் பிரகாசியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் மகள் ஞானப்பூவுக்கு ஐந்து வயது, மகன் தொம்மைக்கு மூன்று. வீட்டில் ஒரு செவலைக் கோழியும் ஒரு வாத்தும் நின்றன. தவக்காலம் நாற்பது நாளும் அந்த ஊரில் முட்டை தின்பதில்லை. அதனால் கோழியின் கூடையில் பத்து முட்டை சேர்ந்திருந்தது. ஆனாலும் கோழிக்குக் கவலைதான். போன முறை பொரித்ததைப் பருந்து தூக்கியது, அதற்கு முந்தியதைக் கீரி தின்றது. கோழிக்கு வயதும் ஆகிவிட்டது. இதற்குமேல் முட்டை இடுவோம் என்ற நம்பிக்கை அதற்கு இல்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை ஞானப்பூ கூடைப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"கோழியக்கா, நாளைக்குப் பண்டிகை. முட்டை தருவியா?"

"ஒன்பதை எடுத்துக்க. ஒண்ணை விட்டுரு. எனக்கு ஒரே ஒரு குஞ்சு போதும்."

"சரி."

"சரின்னா சத்தியமா?"

"சத்தியமா. அந்த ஒண்ணை உனக்கே தருவேன்."

பிரகாசியம்மாள் வெங்காயச் சருகை ஒரு பானை நிறையப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளைகள் முருங்கை இலையையும் கொத்தமல்லி இலையையும் தண்ணீரில் நனைத்து முட்டைமேல் ஒட்டினார்கள். தொம்மை ஒட்டியது எல்லாம் வழுக்கி விழுந்தது. "உன் முட்டைக்கு ஒரு இலை போதும்டா," என்று ஞானப்பூ அவன் கையைப் பிடித்து ஒட்டவைத்தாள். இலை நகராமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, ஒவ்வொன்றாகப் பானையில் இறக்கினாள் அம்மா. அவித்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு, கட்டை அவிழ்த்தபோது முட்டை எல்லாம் செங்கல் நிறமாக இருந்தது. இலை ஒட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக, நரம்போடு தெரிந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததும் பளபளத்தது.

அம்மா எண்ணிப் பார்த்தாள். பத்து.

"கோழி தந்தது ஒன்பதுன்னுதானே சொன்னே?"

"ஒண்ணு கோழியக்காவுக்கு," என்றாள் ஞானப்பூ. "அதுக்கும் பண்டிகைதானே."

அம்மா, கோழிக்கு என்று வேறு முட்டை கூடையில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பத்தில் மிக அழகானதை எடுத்துப் போய், கூடைத் தவிட்டுக்குமேல் பதமாக வைத்தாள் ஞானப்பூ. கோழி கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது.

"என் முட்டையா இது?"

"உன்னதுதான். நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. குஞ்சு றெக்கையில கோலத்தோட பிறக்கும் போல."

சிறகை விரித்து உட்கார்ந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். இருபத்தொன்றாம் நாள் முழுவதும் காதை வைத்துக் கேட்டது. உள்ளே ஒரு கொத்தும் இல்லை. பக்கத்துக் கூடையில் நான்கு முட்டைமேல் புதிதாக உட்கார்ந்திருந்த வாத்து மூக்கைத் திருப்பிக்கொண்டது.

"ஏளா, உன் பக்கத்துல இருந்து ஒரு வாடை வருது."

"உன் வாய் நாத்தம் உனக்கே அடிக்குது. சும்மா இரு."

இருபத்துநாலாம் நாள் கோழியே ஞானப்பூவைக் கூப்பிட்டது. "பிள்ளே, இதை என்ன செஞ்சே?"

"மத்த முட்டைக்குச் செஞ்சதுதான். அவிச்சேன். அவிச்சாத்தானே சாயம் பிடிக்கும்."

கோழி எழுந்தது. கூடையை விட்டு இறங்கி, முற்றத்து ஓரத்தில் போய் முதுகைக் காட்டி நின்றது. ஞானப்பூவுக்கு அப்போதுதான் புரிந்தது. அழுதுகொண்டே வாத்திடம் ஓடினாள்.

"வாத்தக்கா, ஒரு முட்டை தா. கோழியக்காவுக்கு."

வாத்து யோசித்தது. மூன்று நாள் உட்கார்ந்ததற்கே அதற்குக் கால் மரத்துப்போயிருந்தது. குளத்தில் தண்ணீர் நிறையக் கிடந்தது.

"ஒண்ணு எதுக்கு? நாலையும் கொண்டு போ. குளத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு நாலு நாள்ல வந்து நானே உக்காந்துக்கிறேன்."

ஞானப்பூ நான்கையும் பாவாடையில் ஏந்தி வந்தாள். கோழி முதலில் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மெல்ல வந்து மூக்கால் தொட்டுப் பார்த்தது. சூடு இருந்தது.

"இதுல சாயம் போடுவியா?"

"மாட்டேன்."

"சொன்னா மறந்துருவே. இதுக்கு ஒரு அடையாளம் போடு, அடுப்புப் பக்கமே போகாத அடையாளமா."

அவள் அணைந்த அடுப்பிலிருந்து கரித்துண்டு ஒன்றை எடுத்து வந்து, ஒவ்வொரு முட்டையிலும் ஒரு கோடு போட்டாள். தொம்மை தன் பங்குக்கு ஒன்றில் இரண்டு கோடு போட்டான். கோழி ஏறி உட்கார்ந்தது.

நாலு நாள் போனது. வாத்து வரவில்லை. பத்து நாள் போனது. குளத்திலிருந்து அதன் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. கோழி எழுந்திருக்கவில்லை. ஒரு மாதம் ஆகப்போகிற நேரத்தில் நான்கும் பொரிந்தன. மஞ்சள் மஞ்சளாக, தட்டை மூக்கோடு நான்கு குஞ்சுகள்.

"இதுகள் மூக்கை யாரு மிதிச்சது?" என்று தொம்மை கேட்டான்.

"என் பிள்ளைகள் அப்படித்தான்," என்றது கோழி. அவற்றை முன்னே விட்டுக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தது. குஞ்சுகள் குளத்தில் இறங்கியபோது கரையிலேயே நடந்து நடந்து காவல் காத்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது நான்கு.

அன்று முதல்தான் பண்டிகைக்கு அவித்த முட்டைக்குச் சாயமும் அடைக்கு வைக்கிற முட்டைக்குக் கரிக்கோடும் போடுகிறோம். வாத்து முட்டையைக் கோழிதான் பொரிக்கிறது, முழுக்குப் போடப் போன வாத்து இதுவரை அதற்கு ஒரு நன்றி சொல்லக்கூடக் கரை ஏறவில்லை.