தூங்கிப்போன கரடியும் கமர்கட்டும்

மலையடிக் காட்டில் சடைச்சி என்றொரு கரடி இருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். பனையேறிகள் பருவம் முடிந்து விட்டுப்போன ஓர் அடுப்பும் ஒரு பெரிய பானையும் அதனிடம் இருந்தன. அந்தப் பானையில் கருப்பட்டிப் பாகு காய்ச்சிச் சடைச்சி ஒருமுறை கமர்கட்டு செய்தது.

குளக்கரையில் கோடைச் சந்தை கூடும் நேரம் வந்தது. அந்தச் சந்தையில் எப்படியாவது இடம் பிடித்துவிட வேண்டும் என்று சடைச்சி தவித்தது. காரணம் இருந்தது. கோடையில், கரடிகள் இரை தேடித் தோண்டும் கறையான் புற்றுகள் கல்லாக இறுகிவிடும். எவ்வளவு பறித்தாலும் நகம்தான் உடையும். போன கோடையில் குட்டிகள் இரண்டும் பசியில் ஒன்றின் காதை ஒன்று சப்பிக்கொண்டு கிடந்தன. சந்தையில் கமர்கட்டு கொடுத்தால் பதிலுக்குத் தேனடையும் இலுப்பைப் பூவும் கிடைக்கும். குட்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எதைச் சந்தைக்குக் கொண்டு வந்தாலும் அது பிறந்த கதையை முதலில் சபையில் சொல்ல வேண்டும். யார் செய்தது? எதிலிருந்து செய்தது? முதலில் தின்றது யார்? தின்றவர் நலமா? இப்படிக் கேட்பார்கள். ஒரு காலத்தில் மான் கூட்டம் ஒரு பளபளப்பான காயை எதுவும் கேட்காமல் தின்றுவிட்டு நாள் முழுக்கத் தள்ளாடித் திரிந்தது. அதன் பிறகு வந்த வழக்கம் இது.

நல்ல வழக்கம்தான். ஆனால் நாளாக நாளாகக் கதைகள் பெருத்துவிட்டன. அணில் தன் கடலை மிட்டாய் நிலாவிலிருந்து உடைந்து விழுந்த துண்டு என்று சொன்னது. குரங்கு தன் ஜவ்வு மிட்டாய் வானவில்லை உருக்கி இழுத்தது என்று சொன்னது. சபை கை தட்டியது. இரண்டுக்கும் கதை கட்டிக் கொடுத்தது நரி. அதுதான் அதன் பிழைப்பு. கூலி, கை நிறைய மிட்டாய்.

சந்தைக்கு முந்தைய நாள் நரி சடைச்சியின் அடுப்படிக்கு வந்தது.

"என்ன அக்கா, கதை தயாரா?"

"கதை என்ன கதை? நடந்ததைச் சொல்லப்போகிறேன்" என்றது சடைச்சி.

"எங்கே, சொல்லு பார்ப்போம்."

சடைச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது. "சின்னவனுக்கு ஒரே இருமல். கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கஷாயம் வைத்தேன். அலைந்து வந்த அலுப்பு. அடுப்படியிலேயே தூங்கிவிட்டேன். பெரியவன் விளையாட்டாகத் தேங்காய்ச் சில்லை நசுக்கிப் பானைக்குள் போட்டிருக்கிறான். கண் விழித்துப் பார்த்தால் தண்ணீர் எல்லாம் வற்றி, பாகு கெட்டியாகிக் கிடக்கிறது. தூக்கி எறியத்தான் போனேன். அதற்குள் சின்னவன் அதில் ஓர் உருண்டை பிடித்து வாயில் போட்டுக்கொண்டான். வாயைத் திறந்தால் மிட்டாய் விழுந்துவிடும் என்று அதன் பிறகு அவன் இருமவே இல்லை."

நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"இதையா சபையில் சொல்லப்போகிறாய்? பெற்ற பிள்ளைக்கு இருமல், தாய் குறட்டை விட்டாள் என்று ஊரே பேசும்! கஷாயம் தீய்ந்துபோனதை எங்கள் தலையில் கட்டுகிறாயா என்று கேட்பார்கள்! அணில் நிலாவையே இறக்கி வைத்த இடத்தில் நீ போய்த் தூக்கத்தை வைக்கப்போகிறாயா?"

சடைச்சிக்கு வெட்கமாகிவிட்டது. "அப்படியென்றால் என்னதான் சொல்வது?"

"என்னிடம் விடு. ராஜா, போர், தந்தம். இந்த மூன்றும் இருந்தால் போதும். பிரமாதமாக ஒரு கதை கட்டித் தருகிறேன்."

மறுநாள் சபை கூடியது. குளத்து ஆமைதான் தலைவர். காட்டிலேயே வயதில் மூத்தது. கொம்பையன் என்ற யானை தன் கூட்டத்தோடு முன்வரிசையில் நின்றது. காட்டுப்பன்றிகள், மான்கள், முள்ளம்பன்றி எல்லாம் வந்திருந்தன. அணிலும் குரங்கும் மரக்கிளைகளில் இருந்த தங்கள் கடைகளிலிருந்தே எட்டிப் பார்த்தன.

சடைச்சி கமர்கட்டு நிறைந்த பானையை முன்னால் வைத்தது. நரி அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"முன்னொரு காலத்தில்..." என்று சடைச்சி தொடங்கியது. "யானை ராஜாக்கள் போருக்குப் புறப்படும்போது தின்ற மிட்டாய் இது. இதைத் தின்றதும் தந்தம் ஒரு முழம் வளருமாம்."

"ஆகா!" என்றது சபை. கைதட்டல் குளத்து நீரைக் கலக்கியது. நரி பின்னாலிருந்து, "பார்த்தாயா அக்கா!" என்று கிசுகிசுத்தது.

அப்போது யானை கொம்பையன் ஓர் அடி முன்னால் வந்தது.

"எங்கள் ராஜாவா?"

"ஆ... ஆமாம் அண்ணே."

"எங்கள் ராஜாவின் மிட்டாய் உன்னிடம் எப்படி வந்தது? ராஜா வீட்டுப் பொருள் என்றால் அது எங்கள் பரம்பரைச் சொத்து அல்லவா!"

கொம்பையன் தும்பிக்கையை நீட்டிப் பானையைத் தூக்கியது. குரங்கு கிளையிலிருந்து, "நியாயமான கேள்விதானே!" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது.

"கொஞ்சம் நில்லுங்கள்!" காட்டுப்பன்றி ஒன்று முன்னால் பாய்ந்தது. "போர் என்று சொன்னாயே, யாரோடு போர்?"

சடைச்சி திரும்பிப் பார்த்தது. நரி அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிக் கொடுத்தது.

"பன்றிகளோடு" என்றது சடைச்சி.

"எங்களோடா! யார் ஜெயித்தது?"

"யானைகள்" என்றது நரியின் கிசுகிசுப்பு. சடைச்சியும் அப்படியே சொன்னது.

"பொய்! பச்சைப் பொய்! எங்கள் பாட்டன் யாரிடமும் தோற்றதில்லை!" பன்றிகள் எல்லாம் மண்ணைக் கிளறின. யானைகள் காதை விறைத்தன. நடுவில் மாட்டிக்கொண்ட முள்ளம்பன்றி எந்தப் பக்கம் முள்ளை நீட்டுவது என்று தெரியாமல் உருண்டையாகச் சுருண்டுகொண்டது.

"நிறுத்துங்கள்!" என்றது ஆமை. "இந்தக் குளத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு தவளைகூடப் பிறந்ததில்லை. இப்படி ஒரு போரை நான் பார்த்ததே இல்லையே?"

"நீங்கள் அப்போது ஓட்டுக்குள் இருந்திருப்பீர்கள் தாத்தா!" என்று கத்திவிட்டது நரி.

சபை சிரித்தது. ஆமை சிரிக்கவில்லை. "சடைச்சி, பதில் உன்னிடமிருந்து வர வேண்டும்" என்றது.

கொம்பையன் இதற்குள் பானையோடு நடக்கத் தொடங்கிவிட்டது. "அம்மா, நம்ம பானை! நம்ம பானை!" என்று குட்டிகள் இரண்டும் பின்னாலேயே ஓடின. பானையும் போய்விட்டால் கோடை முழுக்க அவற்றுக்கு என்ன கொடுப்பது? சடைச்சி பின்னால் ஓடிப்போய்க் கத்தியது.

"அண்ணே, நில்லுங்கள்! ராஜாவும் இல்லை, போரும் இல்லை! நான் தூங்கிப்போனேன், அவ்வளவுதான்!"

சடைச்சி தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னது. இருமல், கஷாயம், அலுப்பு, தேங்காய்ச் சில், தூக்கம், ஒன்றையும் விடவில்லை.

பன்றிகளின் கோபம் தணிந்துவிட்டது. தாங்கள் எங்கும் தோற்கவில்லை என்பதே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் கொம்பையன் பானையைக் கீழே வைக்கவில்லை.

"நன்றாக இருக்கிறது! பானை கைவிட்டுப் போகிறது என்றதும் கதையை மாற்றுகிறாயா? ராஜா மிட்டாய் எங்கே, தூக்கத்தில் வந்த மிட்டாய் எங்கே? இதை யார் நம்புவது? உண்மை என்றால் எங்கள் முன்னால் செய்து காட்டு. கஷாயம் வை. தூங்கு. தூங்கி எழுந்து கமர்கட்டு எடுத்தால் பானை உனக்கு. இல்லையென்றால் எங்களுக்கு!"

"தூங்கிக் காட்டு! தூங்கிக் காட்டு!" என்று சபையே கூவியது.

குளக்கரையிலேயே அடுப்பு மூட்டினார்கள். பானையில் இருந்த மிட்டாயை இலையில் கொட்டிவிட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். கருப்பட்டி போட்டாயிற்று, சுக்கும் போட்டாயிற்று. சடைச்சி அடுப்பின் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடியது.

தூக்கம் வரவில்லை.

காடு முழுவதும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? சடைச்சி இடது பக்கம் புரண்டது. வலது பக்கம் புரண்டது. கால்களை மேலே தூக்கி வைத்துப் பார்த்தது.

"கண்ணை இறுக்கி மூடு அக்கா!" என்றது அணில்.

"தலைக்கு ஏதாவது வைத்துக்கொள்ளட்டும்" என்றது மான்.

"நான் வேண்டுமானால் தலையணையாக வரட்டுமா?" என்று அன்போடு கேட்டது முள்ளம்பன்றி.

"வேண்டாம்மா, வேண்டாம்!" என்று சடைச்சி துள்ளி எழுந்தது.

"தாலாட்டுப் பாடினால் தூங்கிவிடும்" என்றது குரங்கு. எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. பன்றிகள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கின. மான்கள் சேர்ந்துகொண்டன. யானைகள் அடிவயிற்றிலிருந்து "ஆராரோ" என்று இழுத்தன. உச்சி வெயில். மர நிழல். கருப்பட்டி மணம். பாட்டு மெல்ல மெல்லத் தேய்ந்தது. முதலில் மான்கள் சாய்ந்தன. பன்றிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. கடைசியில் கொம்பையனும் நின்றபடியே குறட்டை விட்டது.

காடே தூங்கியது. சடைச்சியும் குட்டிகளும் நரியும் மட்டும் விழித்திருந்தன. குட்டிகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தன.

படுத்துக் கிடந்து பயனில்லை என்று சடைச்சி எழுந்து பானையைக் கிளறத் தொடங்கியது. பெரிய குட்டி முன்பு செய்ததுபோலவே தேங்காய்ச் சில்லை நசுக்கிப் பானைக்குள் போட்டது. அன்றுதான் சடைச்சி பாகு மாறுவதை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தது. பெரிய பெரிய குமிழ்கள் சிறுத்தன. நிறம் இருண்டது. ஒரு சொட்டு எடுத்துக் குளத்து நீரில் விட்டது. கரைந்துபோனது. இன்னும் சற்றுக் கிளறி மறுபடி விட்டுப் பார்த்தது. பசைபோல் விரலில் ஒட்டியது. மேலும் கிளறியது. அடுத்த சொட்டு தண்ணீருக்குள் குண்டுமணியாகத் திரண்டது. அதை எடுத்துப் பாறையில் போட்டது.

'டங்!'

சத்தம் கேட்டுக் காடு திடுக்கிட்டு விழித்தது. சடைச்சி பானையை இறக்கி, சூடு ஆறுவதற்குள் மளமளவென்று உருண்டைகள் பிடித்தது. கறுகறுவென்று, கல் போன்ற கமர்கட்டுகள்!

"வந்துவிட்டது! தூக்கத்தில் வந்துவிட்டது!" என்று குதித்தது குரங்கு.

கொம்பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு முன்னால் வந்தது. "கொஞ்சம் பொறு. சடைச்சி, நீ தூங்கினாயா இல்லையா?"

நரி சடைச்சியின் காதருகே வந்தது. "தூங்கினேன் என்று சொல்லு அக்கா! அத்தனை பேரும் குறட்டை விட்டார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. ஒரே ஒரு சொல். பானை உனக்கு!"

சடைச்சி குட்டிகளைப் பார்த்தது. பானையைப் பார்த்தது.

"இல்லை அண்ணே. எனக்குத் தூக்கமே வரவில்லை. விழித்திருந்துதான் கிளறினேன்."

"அடப் பாவி அக்கா!" என்று நரி தலையில் அடித்துக்கொண்டது.

சின்னக் குட்டி பானைக்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றுகொண்டது. கொம்பையன் தும்பிக்கையைத் தாழ்த்தியது.

"நாங்கள் எல்லோரும் தூங்கிவிட்டோம்" என்றது. "நீ தூங்கினேன் என்று சொல்லியிருந்தால் மறுத்துப் பேச இங்கே ஆள் இல்லை. பானை போகும் என்று தெரிந்தும் இல்லை என்றாய். அப்படிப்பட்டவள் அன்றைக்குத் தூங்கினேன் என்றால் தூங்கித்தான் இருப்பாய். இது எங்கள் ராஜா வீட்டு மிட்டாய் இல்லை. உன் அடுப்பு மிட்டாய். பானையை எடுத்துக்கொள்."

ஆமை தலையை ஆட்டியது. "சபைக்குச் சம்மதம். சந்தையில் இடம் கொடுங்கள். குளத்தை ஒட்டியே கொடுங்கள், சொட்டு விட்டுப் பார்க்கத் தண்ணீர் வேண்டுமே!"

அதைக் கேட்ட அணில் தன் கடையிலிருந்து இறங்கி வந்தது. வாலை முறுக்கிக்கொண்டே, "தாத்தா... நிலாவிலிருந்து ஒன்றும் விழவில்லை. நான் பொந்தில் கடலையைச் சேர்த்து வைத்திருந்தேன். மேலே வைத்த வெல்லம் வெயிலில் உருகி வழிந்து எல்லாம் ஒட்டிக்கொண்டது. பிய்க்கவே வரவில்லை. உடைத்துத்தான் தின்றேன்" என்றது.

"என்னுடையதும் வானவில் இல்லை" என்றது குரங்கு. "பாகுப் பானைக்குள் திருட்டுத்தனமாகக் கையை விட்டேன். வெளியே இழுக்க இழுக்க நீண்டுகொண்டே வந்தது. மணிக்கட்டில் கடிகாரம்போல் சுற்றிக்கொண்டது. கழற்ற முடியாமல் நக்கியே தீர்த்தேன்!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நிலாவுக்கும் வானவில்லுக்கும் கை தட்டியவர்கள், இந்தக் கதைகளை மட்டும் மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அன்று மூன்று கடைகளிலும் கூட்டம் அலைமோதியது. சாயங்காலத்துக்குள் சடைச்சியின் முன்னால் தேனடைகள் குவிந்தன. குட்டிகள் இலுப்பைப் பூவைத் தின்று, அந்தக் குவியலின் மேலேயே உருண்டன.

நரி மெல்லச் சடைச்சியிடம் வந்தது. "அக்கா, கதை அருமை. அதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு சின்ன ராஜாவை..."

"நரியாரே!" என்று காடு முழுவதும் ஒரே குரலில் அதட்டியது.

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றது.

இல்லாத பெருமையைச் சேர்த்துச் சொல்பவர் தம் கைப்பொருளையும் இழப்பார். நடந்ததை நடந்தபடி சொல்பவருக்கே அவர் உழைப்பு சொந்தமாக நிலைக்கும்.