களர் நிலத்தில் பூவோடு மிதிப்பது ஏன்?

அந்தக் காலத்தில் மண்ணுக்கு வாய் இருந்தது. தண்ணீருக்கும் இருந்தது, மாட்டுக்கும் இருந்தது, வரப்போரத்துப் பூண்டுக்கும் இருந்தது. எல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்ததால் மனுசனுக்கு வாயைத் திறக்கவே இடம் கிடைக்காது. இப்போது எல்லாம் தலைகீழ். போகட்டும், கதைக்கு வருவோம்.

ஒரு மலையடிவாரத்தில், ஏரிக்குக் கீழே, ஒரு வண்டல் நிலம் இருந்தது. அப்போது அதைக் களர், உப்புப் பூத்த நிலம் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். அப்படிப்பட்ட மண். அள்ளினால் பொலபொலவென்று உதிரும். அதன் பொடிமணிகள் ஒன்றோடொன்று கைகோத்து, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்திருக்கும். அந்தச் சந்து வழியாக வேர் இறங்கும், மண்புழு ஊரும், தண்ணீர் மேலிருந்து கீழே போகும். தண்ணீர் வர ஒரு வாய்க்கால், போக ஒரு வடிகால். அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த நிலத்தை உழுதவன் தவசி. அவன் மனைவி இருளாயி. தவசி நல்லவன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. ஒரு வருடம் மழையே இல்லை. ஏரி காய்ந்தது, நிலம் பாளம் பாளமாக வெடித்தது, தவசியின் பசு தாகத்தில் அவன் கண்முன்னே விழுந்து செத்தது. அந்தப் பயம் அவனை விட்டுப் போகவே இல்லை. நிலத்துக்கும் அதே கதைதான். தாகம் என்றால் என்ன என்று அதுவரை அதற்குத் தெரியாது.

மறு வருடம் கொட்டோ கொட்டென்று மழை கொட்டியது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்தபோது நிலம் சொன்னது:

"தவசி, இந்தத் தடவை இந்தத் தண்ணியைப் போக விடாதே. இன்னொரு தரம் அந்தத் தாகத்தை என்னால தாங்க முடியாது."

"நானும் அதையேதான் நினைச்சேன் தாயி" என்றான் தவசி. மண்வெட்டியை எடுத்தான். வடிகாலை அடைத்தான். சும்மா அடைக்கவில்லை. கல்லை அடுக்கி, களிமண்ணைப் பூசி, மேலே ஏறிக் குதித்து இறுக்கினான். வெட்டி எடுக்கத் தனக்கே முடியாதபடி அடைத்தான் மகராசன்.

தண்ணீர் சத்தம் போட்டது. "ஏ அக்கா, நீ பண்றது நல்லா இல்ல! நான் வெறுங்கையோட வரல. மலையிலேர்ந்து உப்பைச் சுமந்துகிட்டு வர்றேன். என்னை நடக்க விட்டா என் சுமையை நானே கொண்டுபோயிடுவேன். அடைச்சு வச்சா சூரியன் வந்து என்னைத் தூக்கிட்டுப் போவான். சுமையை அவன் தொடக்கூட மாட்டான். அது உன் தலையிலதான் விழும், சொல்லிட்டேன்."

"போடி, போக்குக் காட்டாதே" என்றது நிலம்.

அந்த வருடம் விளைச்சலைப் பார்த்து ஊரே மூக்கில் விரலை வைத்தது. தவசி மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான். ஆனால் வருடா வருடம் தண்ணீர் வந்தது, நின்றது, வெயிலில் ஆவியாய்ப் போனது. உப்பு மட்டும் போகவில்லை. அது மண்ணுக்குள் இறங்கி, கைகோத்திருந்த பொடிமணிகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துகொண்டு கோள்மூட்ட ஆரம்பித்தது. இதனிடம் போய் அதைப் பற்றி, அதனிடம் போய் இதைப் பற்றி. சில வீடுகளில் சில பேர் செய்வார்களே, அதே வேலை.

அவ்வளவுதான், மணிகள் கையை உதறிவிட்டன. நனைந்தால் ஆளுக்கொரு பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடின. ஓடிப்போய் இருந்த சந்தையெல்லாம் அடைத்தன. காய்ந்தால் கோபத்தில் இறுகிக் கல்லாகிவிட்டன. மழையில் கால் வைத்தால் வழுக்கி விழ வேண்டும், வெயிலில் ஏர்க்கொழு வைத்தால் கொழு முறிய வேண்டும். மேலே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. மழை பெய்தால் தண்ணீர் மேலேயே நின்றது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. தாகத்துக்குப் பயந்து தண்ணீரை அடைத்த நிலம், தலைக்கு மேலே தண்ணீரை வைத்துக்கொண்டு அடிவயிறு காய்ந்து கிடந்தது. பாவமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

இப்படி இருக்கும்போதுதான் இருளாயி முழுகாமல் இருந்தாள். பல வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. அவளுடைய அண்ணன் வந்து, "இங்க கிடந்து என்னத்தைத் திங்கப் போறீங்க? எங்க ஊருக்கு வந்துடுங்க" என்று கூப்பிட்டான். தவசி மூட்டை கட்டவே ஆரம்பித்துவிட்டான்.

அதைப் பார்த்த நிலம் மெதுவாகக் கேட்டது. "போயிடுவீங்களா?"

இருளாயி மூட்டையை விட்டுவிட்டு மண்ணில் வந்து உட்கார்ந்தாள். அவள் அந்த மண்ணுக்குத்தான் வாழ்க்கைப்பட்டு வந்தவள். "தாயி, என் பிள்ளை வாயில வைக்கிற முதல் சோறு உன்கிட்ட விளைஞ்சதா இருக்கணும்னு ஆசைப்பட்டேன். தை அறுப்புக்கு ஒரு பிடி நெல்லு குடு, நாங்க எங்கேயும் போகல. குடுக்க முடியலைன்னா போய்த்தான் ஆகணும். பிள்ளையைப் பட்டினி போட முடியாதுல்ல?" என்றாள்.

நிலம் பதறிப்போய்ப் பயிர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டது. நெல் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, கால் எரியுது" என்று ஓடியது. வாழை, "நான் பிள்ளைகுட்டிக்காரி, என்னை விட்டுடு" என்றது. உளுந்து பதிலே சொல்லவில்லை. உளுந்துக்கு எப்போதுமே கொஞ்சம் கர்வம்.

அப்போது வடிகால் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆத்தா, நான் வரட்டா?"

தக்கைப்பூண்டு. ஒல்லிக்குச்சி உடம்பு, சின்னச் சின்ன இலை, யாரும் விதைக்காமல் தானே முளைத்துக் கிடக்கிற ஜென்மம்.

"உன்னை வச்சு நான் என்ன சோறா பொங்குறது?" என்றான் தவசி.

"பொங்க முடியாதுதான். நான் இவ மேல முளைக்கிறேன். என் வேர் ஆணி மாதிரி இறங்கி ஓட்டை போடும். ஆளுயரம் வளர்ந்து பூ எடுக்கிற நேரத்துல என்னை அப்படியே சேத்துல போட்டு மிதிச்சுடுங்க. நான் அழுகுற புளிப்புல உப்பு உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்கும். ஆனா ஒண்ணு, வடிகாலைத் திறக்கணும். எழுந்தவன் வெளியே போக வழி வேணும்ல?"

நிலம் நடுங்கியது. "தண்ணியை விடணுமா? திரும்ப வரலைன்னா?"

"வரலைன்னா தாகம்தான்" என்றது தக்கைப்பூண்டு. "இப்ப மட்டும் என்ன குடிச்சுக்கிட்டா இருக்கே?"

"சரி, விதையைப் போடு தவசி" என்றது நிலம்.

கோடை மழைக்குத் தவசி தக்கைப்பூண்டு விதையைத் தூவினான். வெள்ளை மண்ணில் பச்சை எட்டிப் பார்த்தது. வளர்ந்தது, இடுப்பு உயரம், தோள் உயரம். ஒருநாள் காலையில் மஞ்சள் மஞ்சளாகப் பூக்க ஆரம்பித்தது. எத்தனையோ வருடம் கழித்து அந்த நிலத்தில் ஒரு பூ!

தவசி மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தான். வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னால முடியல இருளாயி. இந்த மண்ணுல பச்சையைப் பார்த்து எத்தனை நாளாச்சு. கொஞ்ச நாள் இருக்கட்டுமே. காய்க்கட்டும், பிறகு பார்த்துக்கலாம்" என்றான்.

"மிதிக்கிறதுக்கு எங்களுக்குத் தின்னக் குடுத்தாலும் ஆகும்" என்றது மாடு.

தக்கைப்பூண்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், உனக்கு எதைப் பார்த்தாலும் அடைச்சு வச்சுக்கணும்! அன்னிக்குத் தண்ணி, இன்னிக்கு நான். காய்ச்சா என் உடம்பு கட்டையாயிடும், மண்ணுல அழுகவே அழுகாது. என்னை அடுப்புலதான் வைக்க முடியும். நான் வந்தது அதுக்கா?"

தவசி தலையைக் குனிந்துகொண்டான். வரப்பில் நின்ற இருளாயிதான் நிறைமாச வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சேற்றில் இறங்கினாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பூத்து நிற்கிற ஒன்றை மிதிக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? ஒரு செடியைப் பிடித்துச் சாய்த்தாள். "என் பிள்ளைக்காக உன்னை மிதிக்கிறேன். உனக்கு என்ன வேணும், சொல்லு ஆத்தா" என்றாள்.

"வரப்போரமா ஒரு வரிசையை மட்டும் விட்டுடு. அது காய்க்கட்டும். அடுத்த வருசமும் நான் வரணும்ல?"

இருளாயி மிதித்தாள். அதைப் பார்த்த தவசி பிறகு நிற்கவில்லை, மாட்டை ஓட்டினான். நிலம் முழுக்கப் பச்சையும் மஞ்சளும் சேற்றுக்குள் போயின. அது அழுகிய நாற்றம் ஊரெல்லாம் அடித்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும். பிறகு தவசி கடப்பாரையோடு போய், தான் கட்டிய அடைப்பைத் தானே உடைத்தான். கை கொப்புளித்துப்போனது. தண்ணீர் உப்பைத் தூக்கிக்கொண்டு, "வர்றேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனது. திரும்பியும் வந்தது. புது மழையில் வந்து, உள்ளே இறங்கி, மிச்சத்தையும் சுமந்துகொண்டு போனது. பொடிமணிகள் பழையபடி கைகோக்க ஆரம்பித்தன.

இருளாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நெல்லும் பயந்து பயந்து ஒரு காலை வைத்துப் பார்த்து, மறு காலையும் வைத்தது. தை அறுப்பில் பெரிய விளைச்சல் என்று சொன்னால் பொய். ஒரு குதிர்கூட நிறையவில்லை. வடகோடியில் ஒரு மூலை வெள்ளையாகவே நின்றுவிட்டது. அதைப் பார்த்து நிலம் வெட்கப்பட்டபோது, துணி வெளுக்கிறவர்களின் கழுதை வந்து, "அந்த உவர் மண்ணை எனக்குக் குடு. எங்க வீட்டுக்காரி வெள்ளாவிக்கு இதைத்தான் தேடிக்கிட்டு அலையுறா" என்று வாங்கிப் போனது.

மாசியில், நிலத்தின் நடுவே பாய் விரித்து, குழந்தையை மடியில் வைத்து, இருளாயி முதல் சோற்றை மசித்து ஊட்டினாள். தவசி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். நிலத்துக்கோ தவிப்பு தாங்கவில்லை.

"கரிக்குதா?" என்று கேட்டது.

குழந்தை சப்புக்கொட்டியது. யோசித்தது. பிறகு இன்னொரு வாய்க்கு "ஆ" என்று வாயைத் திறந்தது.

அன்று முதல்தான் களர் நிலத்துக்காரர்கள் நெல்லுக்கு முன்னால் தக்கைப்பூண்டை விதைத்து, பூவெடுக்கும்போது மனசைக் கல்லாக்கிக்கொண்டு சேற்றோடு மிதிக்கிறார்கள். வடிகாலை வெட்டித் தண்ணீரைப் போகவிடுகிறார்கள். வரப்போரத்தில் மட்டும் ஒரு வரிசையைக் காய்க்க விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.