கோலுக்குப் போய்க்கொண்டிருந்த பந்து

ஆட்டம் முடிய இரண்டே நிமிடம். ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நின்றது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். கால்பந்தில் ஜெயிக்கிற அணிக்குத்தான் கோடை முழுக்கக் குளம். சமமாக முடிந்தால், போன வருடம் ஜெயித்த காட்டெருமைகளுக்கே மறுபடியும். அதனால் மேட்டுக்காட்டு அணிக்கு எப்படியாவது ஒரு கோல் வேண்டும். இல்லையென்றால் தண்ணீருக்குக் குட்டிகளையும் இழுத்துக்கொண்டு மலையோடைவரை நடக்க வேண்டும்.

மேட்டுக்காட்டு அணியின் பயிற்சியாளர் செங்கொம்பன் என்ற கடமான். ஏழு கோடை முன்வரிசையில் ஆடி, கோலாக அடித்துத் தள்ளியது. முழங்கால் போனதும் பயிற்சியாளர் ஆனது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தது.

"கோலி விழுந்துட்டா ஓங்கி அடிக்காதே. சும்மா தள்ளி விடு. பந்துக்கு வழி தெரியும்" என்று இப்போது முன்வரிசையில் ஆடும் முயலிடம் தினமும் சொல்லும்.

முயல் அன்று அதையேதான் செய்தது. கோலைக் காக்கும் கோலியாக நின்ற காட்டெருமை பாய்ந்து, தடாலென்று விழுந்தது. முயல் பந்தைத் தள்ளிவிட்டது. பந்து மெதுவாகக் கோலைப் பார்த்து உருண்டது. தடுக்க யாருமே இல்லை.

கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே நின்ற செங்கொம்பனுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா இது, எறும்பு ஊர்ற மாதிரி!" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தது. ஒரே உதை. வலை கிழிந்தது.

"கால் போச்சுன்னு சொன்னீங்களே, பாத்தீங்களா!" என்று தன் அணியைப் பார்த்துத் துள்ளியது.

நடுவர் கொக்கு விசில் ஊதியது. "அடிச்சது யாரு?"

"நான்தான்! வேற யாரால இப்படி அடிக்க முடியும்?"

"நீங்க இப்போ ஆட்டக்காரரா?"

கொக்கு கிழிந்த வலையிலிருந்து பந்தை எடுத்து வெளியே உருட்டிவிட்டது.

"வெளியாள் தொட்ட பந்து. கோல் கிடையாது."

"கொக்கு சார், அது தானாவே உள்ளே போயிருக்கும்!" என்று முயல் கத்தியது.

"போயிருக்கும். உங்க அண்ணன் விடலையே."

அப்படியே ஆட்டம் முடிந்தது. காட்டெருமைகள் நேராகப் போய்க் குளத்தில் இறங்கின. "அண்ணே, எங்க பக்கம் ஆடினதுக்கு நன்றி!" என்றது விழுந்து எழுந்த கோலி.

செங்கொம்பன் பயிற்சியாளர் ஆன அன்று, அணி மொத்தமும் கூடி அதனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னது: "அண்ணே, இனிமே கோட்டுக்கு வெளியே நில்லுங்க. அவ்வளவுதான்."

அது நிற்கவில்லை.

நீதி: சொல்லிக்கொடுத்த பிறகு, செய்ய விடு.