யாருடைய நிலம்

பப்புவாவின் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றில் கொவிரே மொழி பேசுகிறவர்கள் சில நூறு பேர் இருந்தார்கள். வெளியாட்கள் பேசுவதை அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆட்களைப் பழக்கியவர் ஒராவே என்ற பெண்மணி. அவருடைய சீடன் தைமோ ஒருநாள் ஊர்ச்சபையிலிருந்து நேராக அவரிடம் வந்தான். கோபத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"நம் ஆட்கள் கோழைகள், அம்மா. மரக் கம்பெனிக்காரன் நிலத்தைக் கேட்டான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் சம்மதம் என்று அவனே சொல்லிவிட்டுப் படகுத்துறைக்குப் போய்விட்டான்."

"அவன் கேட்டதை நீ எப்படிச் சொன்னாய்?"

"'கம்பெனி கேட்கிறது: நிலம், ஆற்றோரத்து, அகலமான' என்றேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

ஒராவேயின் முகம் இறுகியது. கொவிரேயில் பொருளின் பெயர் முதலில் வரும். அது எப்படிப்பட்டது என்பது அடுத்து. யாருடையது என்பது கடைசியில். அந்தக் கடைசிச் சொல் வராதவரை பேச்சு முடியவில்லை என்றே எல்லாரும் நினைப்பார்கள். முடியாத பேச்சில் குறுக்கிடுவது அங்கே பெரிய அவமரியாதை.

"யாருடையது என்று ஏன் சொல்லவில்லை?"

"அவன் சொல்லவில்லையே. அவன் மொழியில் அது தேவையில்லை. 'உங்களுடைய' என்று நானே சேர்த்தால் திரித்துவிட்டாய் என்பான். 'கம்பெனியுடைய' என்றால் பொய். அதனால் விட்டுவிட்டேன். இதில் என் தப்பு என்ன?"

ஒராவே எழுந்து அவன் முன்னால் கையை நீட்டினார்.

"தா. கத்தி, நீளமான, கூரான" என்று கொவிரேயில் சொல்லி நிறுத்தினார்.

தைமோ அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் மேலே பேசவில்லை. சட்டென்று அவன் இடுப்பிலிருந்த கத்தியை உருவிக்கொண்டார்.

"என் கத்தியை ஏன் எடுக்கிறீர்கள்?"

"பேசாமல் நின்றாய். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்."

"நீங்கள் இன்னும் சொல்லி முடிக்கவே..."

அவன் சபை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

ஒராவே கத்தியை அவன் காலடியில் வீசினார். "யாருடைய நிலம் என்று அவனைத் திருப்பிக் கேட்க உனக்குப் பயம். அவர்களைக் கோழை என்கிறாய்."

தைமோ தலை குனிந்தான். "இனி என்ன செய்வது, அம்மா?"

"சபை கலைந்துவிட்டதா?"

"இல்லை. எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள்."

"நீ பேசி முடிப்பாய் என்றுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் படகேறுவதற்குள் போய்ச் சபைக்குக் கூட்டி வா."