செவலை நடந்த பாதை

ஒரு விடுகதை போடுகிறேன். கண் இரண்டு உண்டு, பார்வை இல்லை. பல் கொஞ்சம் உண்டு, எலும்பைக் கடிக்க வலு இல்லை. கால் நான்கு உண்டு, ஓட முடியாது. ஆனாலும் அது படுத்திருக்கும் இடத்துக்குத் திருடன் வர மாட்டான். அது என்ன?

பூட்டு என்கிறீர்களா? பூட்டுக்குக் கால் ஏது! வைக்கோல் பொம்மையா? அதற்குப் பல் ஏது! சரி, கதையைக் கேளுங்கள். விடை தானாக வந்து உங்கள் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

காட்டின் ஓரத்தில் ஒரு குளம் இருந்தது. கரையில் ஒரு பெரிய புங்கமரம். அதன் அடியில் செவலை என்ற நாய் இருந்தது. அதே கரையில் ஒரு கழுதையும், ஒரு கோழியும், ஒரு வெள்ளாடும் வாழ்ந்தன. வெள்ளாட்டுக்கு ஒரு பெண் குட்டி. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் அதற்குச் சுட்டி என்று பெயர். சற்றுத் தள்ளி, குளம் சேறாகிக் கிடக்கும் இடத்தில், கோரைப்புல்லுக்கு நடுவே ஒரு வாத்து முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது.

செவலை என்றால் அந்தக் கரையில் எல்லாருக்கும் உயிர். கழுதை குட்டியாக இருந்தபோது அதைச் சுற்றிச் சுற்றி வந்த ஓநாயை விரட்டியது செவலைதான். கோழியைப் பருந்தின் நகத்திலிருந்து பிடுங்கியதும் செவலைதான். சுட்டி பிறந்த அன்று அடைமழை. அன்று முழுவதும் தாய் ஆட்டுக்கு முன்னால் நனைந்துகொண்டே நின்றதும் செவலைதான்.

இப்போது செவலைக்கு வயதாகிவிட்டது. முதலில் மூக்கைச் சுற்றி நரைத்தது. பிறகு பின்னங்கால்கள் விறைத்தன. கடைசியில் கண்களில் வெள்ளை படர்ந்து பார்வை போய்விட்டது.

ஆனாலும் காவல் நிற்கவில்லை. தினமும் காலையிலும் மாலையிலும் செவலை மெல்ல எழுந்து, நொண்டி நொண்டி, வாத்தின் கூடு வரை போகும். சேற்றில் இறங்கி, கூட்டைச் சுற்றி வந்து, காட்டைப் பார்த்து ஓர் உறுமல் உறுமும். அதே வழியில் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும்.

"என்ன வாத்தம்மா, எல்லாம் பத்திரமா?" என்று கேட்கும்.

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன அண்ணே!" என்று வாத்து சொல்லும்.

இதைப் புதருக்குள் இருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு காட்டுப்பூனை. அதற்கு முட்டை என்றால் நாக்கில் எச்சில் ஊறும். கழுதையைப் பற்றி அதற்குப் பயம் இல்லை; அந்தச் சேற்றில் இறங்கினால் கழுதையின் கால் வயிறு வரை புதையும். ஆடு தண்ணீரைக் கண்டாலே பின்வாங்கும். கோழியோ கேட்கவே வேண்டாம். பயமெல்லாம் செவலையிடம்தான்.

'கண் தெரியாத கிழம், எப்படி வழி தவறாமல் வருகிறது?' என்று காட்டுப்பூனை கூர்ந்து கவனித்தது.

மரத்தடியில் இருந்து செவலை உதிர்ந்த சருகின் மேல் நடக்கும். காலடியில் சரசரப்பு நிற்கும் இடத்தில் வலது பக்கம் திரும்பும். அங்கே ஒரு பனங்கட்டை கிடக்கும். அதில் தோளை உரசிக்கொண்டே நடக்கும். கட்டை முடிந்ததும் மூக்கைத் தூக்கும். கோரைக்கு முன்னால் ஒரு நொச்சிச் செடி நின்றது. அதன் காட்டமான வாசனை வரும் திசையில் நேராகப் போகும். நொச்சிக்கு அடுத்த அடி சேறு, சேற்றில் கூடு!

காட்டுப்பூனை சிரித்தது. "ஓஹோ! கண் முகத்தில் இல்லை, பாதையில் இருக்கிறதா?"

மறுநாள் செவலை தூங்கிக்கொண்டிருந்தது. காற்று மரத்தடியில் இருந்து காட்டுப் பக்கம் வீசும் நேரம் பார்த்து, காட்டுப்பூனை ஒரு பாறையின் மேல் ஏறி நின்றது. மற்ற மூன்றையும் கூப்பிட்டது.

"ஏய்! நீ எதுக்கு இங்க வந்தே?" என்று கழுதை காலை உதறியது.

"கோபப்படாதீர்கள் ஐயா. நான் செவலையாரின் எதிரிதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வீரர்! அவர் தடுமாறி நடப்பதைப் பார்த்து எதிரியான எனக்கே மனம் பொறுக்கவில்லை. கூட இருக்கும் உங்களுக்கு எப்படித்தான் பொறுக்கிறதோ!"

மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"நாங்க என்ன செய்யணும்கிறே?" என்று கோழி கேட்டது.

"அந்தச் சருகில் வழுக்கி விழுந்தால் இடுப்பு என்னாவது? அந்தக் கட்டை தடுக்கினால் கால் என்னாவது? அந்த நொச்சிக் குச்சி குத்தினால், பாவம், முகம் என்னாவது? பாதையைச் சுத்தம் செய்து கொடுக்கக்கூட உங்களுக்குத் தோன்றவில்லையே!"

கோழி தலையைக் குனிந்துகொண்டது. ஆட்டின் கண் கலங்கியது.

"செவலை மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமே!" என்றது சுட்டி.

"கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார், கண்ணே. தன்மானம் உள்ளவர்!" என்றது காட்டுப்பூனை.

"ஆமா, அண்ணன் அப்படித்தான். கேட்காமத்தான் செய்யணும்" என்றது ஆடு. "நீ பெரியவங்க பேச்சில குறுக்கே வராதே சுட்டி!"

உடனே வேலை தொடங்கியது. அவரவருக்குத் தெரிந்த வேலை! கோழி இரண்டு காலாலும் சீய்த்துச் சீய்த்துச் சருகு முழுவதையும் குளத்தில் தள்ளியது. கழுதை பின்னங்காலால் ஓங்கி ஓங்கி உதைத்துப் பனங்கட்டையைப் பள்ளத்தில் உருட்டிவிட்டது. நொச்சியை எந்த ஆடும் தின்னாது, அவ்வளவு கசப்பு. ஆனால் வெள்ளாடு கண்ணை மூடிக்கொண்டு இலையும் கொழுந்துமாக அத்தனையும் தின்று தீர்த்தது. மொட்டைக் குச்சிகளைக் கழுதை வேரோடு பிடுங்கி எறிந்தது.

"ஏவ்வ்!" என்று ஆடு ஏப்பம் விட்டது. "நாக்கெல்லாம் எரியுது! வேற யாருக்காவது இதைத் தின்பேனா? அண்ணனுக்காகத் தின்னேன்!"

அன்று மாலை செவலை எழுந்தது. சருகு இல்லை. கொஞ்ச தூரம் நடந்தது. நின்றது. திரும்பியது. கட்டை இல்லை. மூக்கைத் தூக்கியது. நொச்சி இல்லை. இன்னும் நாலு அடி வைத்தது. தொபீர் என்று குளத்தில் விழுந்தது!

கழுதை ஓடிப் போய்ப் பிடரியைக் கவ்வி இழுத்து வந்து மரத்தடியில் போட்டது. செவலை வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

"வழி மறந்துபோச்சு" என்றது. "மூக்கும் செத்துப்போச்சு. புத்தியும் கலங்கிப்போச்சு. அவ்வளவுதான்டா தம்பி."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணே!" என்று கழுதை அழுதது. ஆடு ஈரத்தை நக்கித் துடைத்தது. கோழி இறக்கையை விரித்து முதுகில் போர்த்தியது. மூன்றும் உண்மையாகவே அழுதன. தாங்கள் செய்தது என்ன என்று மட்டும் மூன்றுக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு செவலை எழுந்திருக்கவில்லை. சோறு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வலியைவிட, தனக்கு ஒன்றும் நினைவில்லை என்ற எண்ணம்தான் அதைப் படுக்க வைத்துவிட்டது.

காட்டுப்பூனை மறுபடி பாறையில் வந்து நின்றது. "ஐயோ பாவம்! கேள்விப்பட்டேன். வாத்தம்மாவின் முட்டைகள் பொரியப் போகின்றன. பாம்பு வந்தால் யார் பார்ப்பது? நீங்கள் சரி என்றால், செவலையார் தேறி வரும்வரை நான் காவல் இருக்கிறேன்."

"பூனையா காவல்?" என்று கோழி வாய்விட்டுக் கேட்டது.

"சேற்றில் இறங்க உங்களில் வேறு யாருக்கு முடியும்?" என்றது காட்டுப்பூனை.

மூன்றும் சேற்றை எட்டிப் பார்த்தன. "மரத்தடியில போய்க் கலந்து பேசிட்டு வர்றோம்" என்று கழுதை சொன்னது. மூன்றும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தன. காட்டுப்பூனை பாறையிலிருந்து சத்தமில்லாமல் இறங்கியது. அது பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மரத்தடியில் சுட்டி செவலையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தது.

"மாமா, உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே! இத்தனை நாளா வாத்தக்கா வீட்டுக்கு எப்படிப் போனீங்க?"

"அதை எதுக்கு இப்போ கேட்கிறே?"

"சும்மாதான். சொல்லுங்க!"

செவலை பெருமூச்சு விட்டது. "சருகு சரசரன்னு கேட்கும். அது நின்னா வலது பக்கம் திரும்புவேன். ஒரு கட்டை கிடக்கும். உரசிக்கிட்டே போவேன். அப்புறம் நொச்சி வாசனை வரும். அதைப் பிடிச்சுக்கிட்டே போனா கூடு. எல்லாம் அங்கேயேதான் இருக்கும். எனக்குத்தான் எதுவும் தட்டுப்படலை."

கோழி தன் கால்களைப் பார்த்துக்கொண்டது. கழுதை தன் குளம்பைப் பார்த்தது. இத்தனை நாளாகியும் நிற்காத நொச்சி ஏப்பம் ஆட்டின் வாய்க்கு வந்தது.

"ஐயோ! சருகை நான்தானே சீய்ச்சுத் தள்ளினேன்!"

"கட்டையை நான்தானே உதைச்சேன்!"

"நொச்சியை நான்தானே... ஏவ்வ்!... தின்னேன்!"

செவலையின் காது விறைத்தது. "என்ன சொல்றீங்க? அப்போ என் மூக்கு சாகலையா?"

அதே நேரம் கோரையில் இருந்து வாத்தின் அலறல் கேட்டது. "அண்ணே! பூனை! பூனை வந்துட்டுது!"

செவலை எழுந்தது. பின்னங்கால் மடங்கியது. மறுபடி எழுந்தது. "எந்தப் பக்கம்? நான் எப்படிப் போவேன்?"

சுட்டி துள்ளிக் குதித்தது. "கோழியத்தை! சருகு முடிஞ்ச இடத்தில போய் நின்னு கொக்கரிங்க! கழுதைப் பெரியப்பா! கட்டை கிடந்த இடத்தில நீங்க படுங்க! அம்மா! நீ நொச்சி இருந்த இடத்துக்கு ஓடு!"

"நான் அங்கே போய் என்னடி செய்ய?"

"ஏப்பம் விடும்மா!"

எல்லாரும் ஓடினார்கள். கோழி தொண்டை கிழியக் கொக்கரித்தது. செவலை சத்தத்தைப் பிடித்து நடந்தது. கோழியின் அருகே வந்ததும் வலது பக்கம் திரும்பியது. தோளில் ஏதோ உரசியது.

"என்னது, கட்டை மூச்சு விடுது!"

"நான்தான் அண்ணே, கழுதை! நிக்காதீங்க, போங்க!"

செவலை கழுதையின் முதுகை உரசிக்கொண்டு நடந்தது. முதுகு முடிந்ததும் மூக்கைத் தூக்கியது. எதிரே ஆடு வாயை அகலத் திறந்து, வயிற்றை எக்கி, "ஏவ்வ்வ்!" என்றது. நொச்சி! பச்சையும் கசப்புமாக அதே காட்டமான நொச்சி! செவலையின் வால் ஆடியது. மூக்கு சாகவில்லை!

அடுத்த அடி சேறு. செவலை இறங்கியது. உறுமியது. பழைய உறுமல்! கோரைப்புல் நடுங்கியது. முட்டையின் மேல் காலை வைத்திருந்த காட்டுப்பூனை திரும்புவதற்குள், மிச்சமிருந்த பற்களால் அதன் வாலைக் கவ்விவிட்டது செவலை.

"விட்டுவிடுங்கள் செவலையாரே! உங்கள் நன்மைக்குத்தானே பாதையைச் சுத்தம் செய்யச் சொன்னேன்!" என்று காட்டுப்பூனை கத்தியது.

"என்கிட்ட நீ கேட்டியா?" என்றது செவலை. பேச வாயைத் திறந்ததும் வால் நழுவிவிட்டது. பாதி ரோமம் செவலையின் வாயில் இருக்க, மீதியோடு காட்டுப்பூனை காட்டுக்குள் ஓடியது. பிறகு அது அந்தக் குளத்துப் பக்கமே வரவில்லை.

முட்டைகள் ஒன்றும் உடையவில்லை.

"எங்களை மன்னிச்சிடுங்க அண்ணே" என்று மூன்றும் முன்னால் வந்து நின்றன.

"மன்னிப்பு இருக்கட்டும். முதல்ல கட்டையைக் கொண்டு வந்து போடு!" என்றது செவலை. "அப்புறம் அந்தச் சோறு எங்கே? பசிக்குது!"

கழுதை பள்ளத்தில் இருந்து கட்டையை இழுத்து வந்தது. கோழி காட்டிலிருந்து புதுச் சருகாகச் சீய்த்துக் கொண்டு வந்து பரப்பியது. பிடுங்கி எறிந்த நொச்சிக் குச்சிகளை எடுத்து, கோழி கிளறிய குழியில் சுட்டி நட்டது. அவை துளிர்க்கும்வரை காலையிலும் மாலையிலும் வெள்ளாடு அங்கே போய் நின்றது. அதற்காகவே வேறொரு நொச்சியைத் தேடிப் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றுவிட்டு வந்தது.

செவலை மறுபடி இளமையாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி நடப்பதில்லை. பின்னங்கால் வலி கூடியது. ஒரு நாள் கட்டை வரைதான் போக முடிந்தது. இன்னொரு நாள் சருகைக்கூடத் தாண்ட முடியவில்லை.

ஆனால் இப்போது கரையில் ஒரு வழக்கம் வந்திருந்தது. விடிந்ததும் யாராவது வந்து, "இன்னைக்கு என்ன வேணும் அண்ணே?" என்று கேட்பார்கள். சில நாள் செவலை, "முதுகைச் சொறி" என்னும். அந்த வேலைக்குக் கோழியை மிஞ்ச ஆள் இல்லை. சில நாள், "வெயிலுக்கு நகர்த்து" என்னும். கழுதை மெல்ல முட்டி முட்டி நகர்த்தும். சில நாள், "ஒண்ணும் வேணாம், பேசாம போங்க" என்னும். பேசாமல் போய்விடுவார்கள்.

முட்டைகள் பொரிந்தன. வாத்து வந்து கேட்டது: "அண்ணே, நீங்க அங்க வர முடியலை. குஞ்சுகளை நான் இங்க கூட்டிட்டு வரட்டுமா?"

செவலை கொஞ்சம் யோசித்தது. "கூட்டிட்டு வா. ஆனா காவல் என்னுது."

அன்று முதல் மஞ்சள் குஞ்சுகள் செவலையின் வயிற்றோடு ஒட்டித் தூங்கின. மேலே பறந்த பருந்து ஓர் உறுமலைக் கேட்டது. வேறு பக்கம் பறந்து போயிற்று. இப்போது சொல்லுங்கள், விடுகதைக்கு விடை என்ன?

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் பக்கத்து மந்தையின் குட்டிகள் மண்மேட்டில் நின்று கூப்பிட்டன. "சுட்டி! வாடி! மேடு நல்லா வழுக்குது! சறுக்கி விளையாடலாம்!"

சுட்டியின் கால் துறுதுறுத்தது. அது செவலையின் பக்கம் திரும்பியது. "மாமா, இன்னைக்கு என்ன வேணும்?"

"பின்னங்கால் குளிருது" என்றது செவலை. "யாராவது சாய்ஞ்சு படுத்தா நல்லா இருக்கும். ஆனா நீ போய் விளையாடு, பரவாயில்லை."

வயதாகி நோயில் கிடக்கும் ஒருவருக்கு, நமக்கு நல்லதாகத் தோன்றுவதைச் செய்வது மட்டும் அன்பு ஆகாது. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்வதே அன்பு.

சுட்டி மேட்டுக்குப் போகவில்லை. செவலையின் பின்னங்காலில் சாய்ந்து படுத்துக்கொண்டது.