நிலா வண்டிக்கு வச்ச திருஷ்டிப் பொட்டு

படுத்தாச்சா? தலகாணியை உதைக்காத. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூங்கணும்னு உங்கம்மா சொல்லிட்டுப் போயிருக்கா. பெரியம்மா கதை சொல்றேன், நீ ம் கொட்டணும். கொட்டலேன்னா எந்திரிச்சுப் போயிடுவேன், மாவு அரைக்கணும்.

ஒரு ஊர்ல ஒரு தையக்காரி இருந்தாளாம். பேரு செண்பகவல்லி. அவ ஜாக்கெட் தைக்கல, பாவாடை தைக்கல. நிலாவுக்குப் போற வண்டிக்குச் சட்டை தைச்சா.

"வண்டிக்கு எதுக்குப் பெரியம்மா சட்டை?"

அங்க காத்து கிடையாதுடி. வெயில் படுற பக்கம் அப்பளம் பொரிக்கலாம், நிழல் பக்கம் கல்லா உறைஞ்சு போயிடும். அதனால சாக்லேட் காகிதம் மாதிரி தங்கக் கலர்ல ஒரு தகடு, அது மேல கொசுவலை மாதிரி ஒரு துணி, மறுபடி தகடு, மறுபடி வலை, இப்படி இருபது அடுக்கு வச்சுக் கையாலயே தைக்கணும். ம்?

"ம்."

அதுக்கு முன்னாடி ரெண்டு பெரிய ராஜ்யத்துக்குள்ள போட்டி. ஒருத்தன் இரும்புப் பந்து ஒண்ணை ஆகாயத்துல சுத்த விட்டான். அது பீப் பீப்னு கத்திட்டே சுத்திச்சு. இன்னொருத்தன் விடுவானா? நிலாவுக்கே ஆளை அனுப்பி, கொடியை நட்டு, கல்லு பொறுக்கிட்டு வந்தான். அப்புறம் என்ன பண்ணினான்? ஒண்ணும் பண்ணல. ஜெயிச்சாச்சு, வீட்டுக்குப் போயிட்டான். நிலா பாட்டுக்கு நிலா இருந்துச்சு.

அப்போ செண்பகவல்லியோட ராஜ்யம் நாமளும் போவோம்னு கிளம்பிச்சு. நிலாவோட தெக்குக் கோடியில வெயிலே படாத பள்ளம் இருக்கு. அதுக்குள்ள தண்ணி உறைஞ்சு கிடக்குதான்னு பாக்கணும். அந்த இருட்டுல பாக்கறதுக்கு வண்டிக்கு ஒரு கண்ணு செஞ்சாங்க. செஞ்சவர் வேதமுத்து சார். ஆறு வருஷம் அந்தக் கண்ணுல வச்ச கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சே அவருக்கு முடி கொட்டிப் போச்சு.

முதல் வண்டி கிளம்பிச்சு. உஸ்ஸ்ஸ்ஸ்... டமார். கடல்ல விழுந்துச்சு.

ரெண்டாவது வண்டி நிலா வரைக்கும் போச்சு. இறங்கும்போது தொப்புனு விழுந்து காலு முறிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் மூச்சே காணோம்.

"செத்துப் போச்சா?"

ஆமா. ரெண்டுக்கும் சட்டை தைச்சவ இவதான். ரெண்டு தடவையும் வீட்டுக்கு வந்து சோறு திங்காமப் படுத்தா. அப்புறம் அவளுக்கு ஒண்ணு தோணிச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி மந்திரி வந்து பாத்தார், டிவிக்காரன் வந்து பாத்தான், ஸ்கூல் பிள்ளைங்க கண்ணாடிச் சுவத்துல மூக்கை ஒட்டி "ஆ"ன்னு பாத்துச்சுங்க. தகதகன்னு தங்கச் சட்டை போட்டு நிக்கிற பிள்ளையை இத்தனை பேர் பாத்தா கண்ணு படாதா?

ஆனா வண்டியைப் பூட்டுற அறைக்குள்ள தூசி கூடப் படக் கூடாது, அதனால உள்ள போறதுக்கு ஆயிரம் சட்டம். பூ வைக்கக் கூடாது, பவுடர் கூடாது, மை கூடாது, வளையல் கூடாது. தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை உறை மாட்டணும். மூணாவது வண்டிக்குச் சட்டை போட்டு முடிச்ச அன்னைக்கு, அவ வீட்டுல விளக்கெண்ணெயில திரி எரிச்சு எடுத்த மையைச் சுண்டு விரல் நுனியில தடவி, அது மேல கை உறையை மாட்டிக்கிட்டா. உள்ள போனா. யாரும் பாக்காதப்போ கை உறையைக் கழட்டி, வண்டியோட கண்ணுக்குப் பக்கத்துல, உனக்குக் கன்னத்துல வைப்போம்ல, அந்த மாதிரி மிளகு அளவுக்கு ஒரு பொட்டு வச்சா.

"அது தப்பில்லையா பெரியம்மா?"

கேளு. வாசல்ல தேங்கா உடைச்சவங்க, பூசணிக்கா சுத்திப் போட்டவங்க எல்லாம் கோட்டு போட்ட பெரிய படிப்பாளிங்க. அதை யாரும் தப்புன்னு சொல்லல. அவங்க வெளியில நின்னு பண்ணினாங்க, இவ உள்ள போய்ப் பண்ணினா.

அப்புறம் மூணாவது வண்டி உஸ்ஸ்ஸ்ஸ்னு போச்சு. வெடிக்கல. நாப்பது நாள் போய் நிலாவைச் சுத்த ஆரம்பிச்சுது. எல்லாரும் கை தட்டினாங்க. செண்பகவல்லி மனசுக்குள்ள நம்ம பொட்டுதான்னு நினைச்சுக்கிட்டா. அப்போ வண்டியோட கண்ணைத் திறந்தாங்க.

ஒரே பொகை. நிலாவும் தெரியல, பள்ளமும் தெரியல.

எல்லாரும் வேதமுத்து சாரைத் திரும்பிப் பாத்தாங்க. "என் கண்ணு நல்ல கண்ணு"ன்னார். யாரும் நம்பல.

வண்டி வேலைக்கெல்லாம் தலைவரா இருந்தவர் எல்லாரையும் கூப்பிட்டு, "யாராவது உள்ள எதையாவது கொண்டு போனீங்களா?"ன்னு கேட்டார். செண்பகவல்லி தரையைப் பாத்தா. மிளகு அளவு மை, அது என்ன பண்ணிடப் போவுதுன்னு நினைச்சா.

ஒரு மாசம் கழிச்சு வேதமுத்து சாரே அவ மேசைக்கு வந்தார். "ஏம்மா, தகட்டுல எதையாவது தடவினீங்களா? சும்மா சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"இல்லீங்க சார்."

அப்புறம் அவரை ஸ்டோருக்கு அனுப்பிட்டாங்க, நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்கிற வேலைக்கு. அன்னைக்கு மூணாவது தடவையா, தலைவரே மறுபடி எல்லாரையும் கேட்டார். அப்பவும் அவ வாயைத் திறக்கல. தூங்கிட்டியா?

"ம்ஹும். பயமா அவளுக்கு?"

பயம்தான். வேற என்ன. அப்புறம் வண்டியைத் திருப்பற எரிபொருள் தீந்து போச்சு. தீந்த சேதி வந்த அன்னைக்குத்தான் அவளால தாங்க முடியல. தலைவர்கிட்ட போய், "ஐயா, கண்ணுக்குப் பக்கத்துல நான் ஒரு திருஷ்டிப் பொட்டு வச்சேன்"னா.

அவர் எந்திரிச்சுக் கதவைச் சாத்தினார். "திருஷ்டிப் பொட்டால வண்டி கெட்டுச்சுன்னு தெரிஞ்சா உலகம் சிரிக்கும். நாலாவது வண்டிக்கு ஒருத்தன் சம்மதிக்க மாட்டான். பழி வேதமுத்து பேர்லயே இருக்கட்டும். நீ போய் வேலையைப் பாரு"ன்னார்.

அவ வேலையைப் பாக்கப் போகல. நேரா ஸ்டோருக்குப் போனா. வேதமுத்து சார் ஏணி மேல நின்னு டப்பா அடுக்கிட்டு இருந்தார். கீழ நின்னே எல்லாத்தையும் சொன்னா. அவர் இறங்கி வந்தார்.

"எண்ணெய் மையா?"

"விளக்கெண்ணெய், சார்."

"காத்தில்லாத இடத்துல எண்ணெய் நிக்காதும்மா. ஆவியா கிளம்பி, குளிர்ந்து கிடக்கிற கண்ணாடியில போய் ஒட்டிக்கும்."

"என் பொட்டுதான் கெடுத்துச்சா, சார்?"

"பொட்டு கெடுக்கல. நான் உங்க மேசைக்கு வந்தேன்ல, அன்னைக்குச் சொல்லியிருந்தா வண்டியைத் திருப்பி அந்தக் கண்ணை ரெண்டு நாள் வெயில்ல காட்டியிருப்பேன். எண்ணெய் போயிருக்கும். கண்ணு தெரிஞ்சிருக்கும்."

அவர் கத்தல, திட்டல. திரும்ப ஏணியில ஏறிட்டார்.

"அப்புறம் வண்டி?"

அது இன்னும் நிலாவைச் சுத்திக்கிட்டேதான் இருக்கு. இனிமே மனுஷங்களே போயி அந்தப் பள்ளத்தோரமா வீடு கட்டப் போறாங்களாம். நீ பெரியவளானதும் டிக்கெட்டே விப்பானோ என்னவோ. அவங்க தலைக்கு மேலயும் அது போகும், ஒண்ணும் பாக்காம.

அவ்வளவுதான், இதுக்கு மேல கதை இல்ல. காலை நீட்டு, கண்ணை மூடு. தூங்கு.